பதினாறாவது சேனல்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு இரண்டு முறை சண்டை வரும். தென் மாவட்டங்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள், வாசித்துப் பாதியில் விட்டவர்கள், வாசிக்க ஆசைப்பட்டு வேறு பிழைப்புக்குப் போனவர்கள் என்று அறுபது எழுபது பேர் இருந்த குழு அது. வேலையில்லாத ஒரு மத்தியானத்தில் யாராவது ஒருவர் ‘உங்களுக்குப் பிடித்த லைவ் ஆல்பம் எது?’ என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான். சாயங்காலம் போனைத் திறந்தால் படித்து மாளாது.

திண்டுக்கல்காரர் ஒருவர் வெளிநாட்டு ஜாஸ் குழு ஒன்றின் இரட்டைக் கேசட்டைச் சொல்வார். எப்போதும் அதே கேசட்தான், மனிதர் இருபது வருஷமாக வேறு எதையும் கேட்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். ராஜபாளையத்து ஆள் ஒருவர், ராக் கச்சேரி ஒன்றில் பேஸ்காரர் மூன்றாவது பாட்டில் ஒரு தாளம் முந்திப் போய்விட்டுத் திரும்பி வருகிற இடத்தை நிமிஷம், விநாடிக் கணக்கோடு எழுதுவார். இன்னொருவர் உடனே கிளம்பி வந்து, அந்த ஆல்பத்தில் கைதட்டலே ஸ்டுடியோவில் ஒட்டியது, பாதிப் பாட்டுகளைப் பிறகு திரும்ப வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று தூபம் போடுவார். அப்புறம் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி இருக்கும்.

இந்தச் சண்டையில் நான் தீவிரக் கட்சி. லைவ் என்றால் லைவ். ஒரு நோட்டைப் பின்னால் திருத்தினாலும் அது லைவ் இல்லை, மேக்கப் போட்ட பிணம் என்று எழுதியிருக்கிறேன். தப்பு இல்லாத லைவ் ஆல்பத்தை நான் நம்ப மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எல்லாரும் பட்டியல் போட்டு முடித்த பிறகு, கடைசியாக நான் ஒன்று போடுவேன்: ‘இதெல்லாம் சரி. உலகத்திலேயே சிறந்த லைவ் பதிவு சின்னமனூரில் என் கடையில் இருக்கிறது. தர மாட்டேன்.’

கெஞ்சுவார்கள். திட்டுவார்கள். ஒருவர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். கஞ்சன் என்று பெயர் வந்தது, அதையும் ஒரு மரியாதை மாதிரி வைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் கிடையாது.

எனக்குத் தொழில் மைக்செட். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், திருவிழா எல்லாவற்றுக்கும் போவேன். இருபது வருஷத்துக்கு முன்னால் தேனியில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அவர்களுடைய கச்சேரிகளுக்கு என் மிக்சர்தான். அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் ஓடைப்பட்டிக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமாகத் திராட்சைத் தோட்டம். பகல் முழுக்கக் கொடியில் கவாத்துக் கத்தரியோடு நின்றுவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேனில் ஏறுவார். கத்தரி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்களிலிருந்து அப்படி ஒரு மெத்தென்ற சத்தம் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் ஒரு பழைய பேஸ் கிட்டாரை வாங்கினேன். கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வாசிப்பேன். யாரும் கேட்கும்படி வாசிக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அவருக்கென்று கச்சேரியில் ஒரு நாலு நிமிஷம் உண்டு. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் பாட்டு நிற்கும், டிரம்ஸ் நிற்கும், கீபோர்டு நிற்கும். அவர் மட்டும் தனியாக அந்தப் பாட்டின் கடைசி வரியை எடுத்துக்கொண்டு கீழே கீழே இறக்கிக்கொண்டே போவார். இனி இறங்க இடமில்லை என்று தோன்றும்போது இன்னும் ஒரு படி இறங்குவார். பேஸ் என்றால் என்னவென்றே தெரியாத சனம், சுண்டலை வாயில் போட மறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த நாலு நிமிஷத்தை அவர் உச்சத்தில் வாசித்தது ராயப்பன்பட்டியில், சர்ச் திருவிழாவில். அன்றைக்கு இருந்தவர்கள் இன்னும் சொல்வார்கள். கோம்பையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கூட்டம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகளே பத்துப் பதினைந்து வந்து நின்றன. நான் மிக்சரிலிருந்து ஒரு கேசட் டெக்குக்கு வயர் கொடுத்துப் பதிவு போட்டிருந்தேன். கச்சேரியைப் பதிவு செய்வது எனக்கு ஒரு பைத்தியம், யாரும் கேட்டுச் செய்வதில்லை.

என் மிக்சரில் பதினாறு சேனல். பதினாறும் நிறைந்துவிட்டது. பாட்டுக்காரர்களுக்கு, டிரம்ஸுக்கு, தபலாவுக்கு, கீபோர்டுக்கு, கடைசியாகப் பதினாறாவதில் அண்ணனின் பேஸ். கச்சேரி ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, தனக்கு அறிவிப்புச் சொல்ல ஒரு மைக் வேண்டும் என்று நின்றார். இடம் இல்லை என்றேன். “மைக்செட்டுக்கு ஆர்டர் குடுத்தது நானா, பாட்டுக்காரகளா?” என்று கேட்டார். என் தொழிலில் ஆர்டர் கொடுத்தவர் சொல்தான் செல்லும். பேஸ் வயரைப் பிடுங்கிவிட்டுப் பதினாறாவது சேனலில் அவருடைய மைக்கைச் செருகினேன். அண்ணனுடைய ஆம்ப்ளிபயர் பெரியது. மேடையிலிருந்து அடித்தாலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். கூட்டத்துக்கு ஒரு குறையும் தெரியாது, மூன்றாவது பாட்டுக்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

மேடையிலிருந்து அண்ணன் சைகையில் கேட்டார், லைன் கொடுத்தாச்சா என்று. கொடுத்தாச்சு என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

கமிட்டிக்காரர் மைக்கைக் கடைசிவரை விடவில்லை. நன்கொடை கொடுத்தவர்கள், காணாமல் போன பிள்ளை, கண்டெடுத்த கொலுசு என்று ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் அவர் குரல்தான். மறுநாள் காலையில் கடையில் கேசட்டைப் போட்டேன். பாட்டு அருமையாக வந்திருந்தது. அண்ணன் வாசித்ததுதான் இல்லை. அந்த நாலு நிமிஷம் வந்தபோது சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மற்ற எல்லாரும் நிறுத்தியதும், உபயோகத்தில் இல்லாத மைக் எதுவும் இரையக் கூடாது என்று கமிட்டிக்காரருடையதைத் தவிர மற்ற எல்லாச் சேனலையும் நானே அடைத்திருந்தேன். தொழிலை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன். டேப்பில் வெறும் இரைச்சல். நடுவில் கமிட்டிக்காரர் சுவிட்சைப் போடுகிற ‘டக்’. அவருடைய மைக் வழியாகத் தூரத்தில் கதவு தட்டுகிற மாதிரி இரண்டே இரண்டு நோட்டு. அப்புறம் அவர் குரல்: “கே.எல். நம்பர் ஜீப்பு ஒண்ணு கல்லறைத் தோட்டத்து வாசல மறிச்சு நிக்குது. டிரைவர் எங்கன இருந்தாலும் ஒடனே வந்து எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.” இதை மூன்று தடவை சொன்னார். மறுபடி ‘டக்’. மறுபடி இரைச்சல். கடைசியில் பாட்டு ஆரம்பித்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் கேட்டார், “பதிவு நல்லா வந்துருக்காலே?” என்று.

“சூப்பரா வந்துருக்குண்ணே,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவன், இறக்க வெட்கப்பட்டேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவர் எப்படியும் கேட்கப்போவதில்லை என்பதும் ஒரு தெம்பு. தன் பதிவை அவர் கேட்கவே மாட்டார். “பழம் பறிச்சுச் சந்தைக்கு அனுப்புனவன், சந்தையில போயி அதையே வாங்கித் திம்பானாலே?” என்பார். அந்தப் பொய் என்னிடம் பத்திரமாக இருந்தது. வருஷங்கள் ஆக ஆக அதற்குக் கையும் காலும் முளைத்து, வாட்ஸ்அப் குழு வரைக்கும் நடந்து போனது.

மெல்லிசைக் குழு கலைந்தது. பாட்டுக்காரர் திருப்பூருக்குப் போனார். அண்ணன் பத்து வருஷமாக வாசிக்கவில்லை. அவருடைய கிட்டாரின் கழுத்து வளைந்து, கம்பி துருப்பிடித்துப் பரணில் கிடந்தது. அவருக்கு அது பற்றிக் கவலை இருந்த மாதிரித் தெரியவில்லை. திராட்சை விலையைப் பற்றித்தான் பேசுவார்.

போன வருஷம் ஒரு காலையில், மதினியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நடையில் லேசான தள்ளாட்டம். மதினி அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். அண்ணனுக்கு இடது காது சின்ன வயதில் சீழ் பிடித்ததிலிருந்தே கேட்காது. இத்தனை கச்சேரியும் வலது காதை வைத்துத்தான் வாசித்தார். அந்த வலது காதுக்குப் பின்னால், நரம்பில் ஒரு கட்டி என்று மதுரையில் ஸ்கேன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

“எடுத்தா காது போயிரும், எடுக்காட்டி ஆளே போயிருவாகன்னு டாக்டரு சொல்லிட்டாரு தம்பி,” என்றார் மதினி. “வர்ற வியாழக்கெழமைக்கு மறு வியாழன் வந்து சேரச் சொல்லியிருக்காக.”

அண்ணன் என் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “எட்டு நாளு இருக்குலே. அதுக்குள்ள அந்த ராயப்பன்பட்டி கேசட்ட ஒரு தடவ போட்டுக் காட்டு. நான் எப்பிடி வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. அத மட்டும் கேட்டுட்டன்னா, அப்புறம் காது போனாப் போகுது.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, இல்லை, நான் வயரைப் பிடுங்கிவிட்டேன் என்று இரண்டு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. மதினி என்னைக் கும்பிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கன வச்சேன்னு தேடணும்ணே,” என்றேன். கேசட் என் முழங்காலுக்கு நேரே இருந்த டிராயரில் இருந்தது.

முதல் இரண்டு நாள் அந்த நாலு நிமிஷத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றி இரைச்சலைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டி, எங்காவது ஒரு மூலையில் அவர் இருக்கிறாரா என்று தேடினேன். கமிட்டிக்காரர் சுவிட்சைப் போட்டதும் வருகிற அந்த இரண்டு நோட்டுகள்தான். அதற்கப்புறம் அவருடைய பேச்சு வாசிப்பை மூடிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் என் கிட்டாரை எடுத்தேன்.

அவர் வாசித்ததை நாற்பது ஐம்பது கச்சேரிகளில் கேட்டிருக்கிறேன். எங்கே இறங்குவார், எங்கே மூச்சு விடுவார், எல்லாம் எனக்கு மனப்பாடம். பாட்டுகளுக்கு எல்லாம் பேஸ் வாசித்துச் சேர்த்தேன். பிறகு அந்த நாலு நிமிஷம். விரல் நுனி தோல் உரிந்தது. முதலில் வந்தது மிகவும் சுத்தமாக இருந்தது. அண்ணன் அப்படிச் சுத்தமாக வாசிக்க மாட்டார். அதனால் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தப்புச் செய்தேன். ஒரு கம்பி லேசாக உரசுகிற சத்தத்தைச் சேர்த்தேன். கேசட்டில் பதிந்த மாதிரி இருக்கட்டும் என்று மேல் சத்தத்தை மழுக்கினேன். கமிட்டிக்காரரின் அறிவிப்பை எடுக்க முடியவில்லை. அது இருப்பதும் நல்லதுக்குத்தான், உண்மையென்று காட்டும் என்று அடியிலேயே விட்டுவிட்டேன். மேக்கப் போட்ட பிணம் என்று ஊருக்கெல்லாம் எழுதியவன், கடைக்குள் உட்கார்ந்து பவுடர் பூசிக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் அவர் போன் வரும். “கெடச்சுச்சாலே?”

“கெடச்சிருச்சுண்ணே. டேப்புல பூஞ்சை புடிச்சிருக்கு. தொடச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு நாளு.”

“பாத்துச் செய்யி. அறுந்துறாம.”

ஒரு நாள் மதினி பேசினார். “காலையில எந்திரிச்சதும் கொடிக்குள்ள போயி உக்காந்துக்கிறாக தம்பி. என்னங்கன்னு கேட்டா, மயிலு கத்துறதக் கேக்குறேங்காக. மோட்டரு சத்தம், பால்காரன் மணி, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கேட்டு முடிக்கிறாகளாம். ஒங்க கேசட்டுதேன் கடைசியாம்.” சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது நினைப்புதான் எப்போதும் ஜெயிக்கும், என்னைப் பொறுத்தவரை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு நாள் தப்பவில்லை. எட்டாம் நாள் காலையில் கார் வைத்து மதுரைக்குக் கிளம்பினோம். முன் சீட்டில் மதினி, பின்னால் அவரும் நானும். பெரிய ஹெட்போன் ஒன்றைக் கொடுத்தேன். தேனி தாண்டியதும் மாட்டிக்கொண்டார். கேட்காத இடது காதிலும் ஒழுங்காக வைத்துக்கொண்டார். வலது பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முதல் பாட்டுக்குத் தலையாட்டினார். டிரம்ஸ்காரர் ஓர் இடத்தில் சறுக்கியதற்குச் சிரித்தார். கொலுசு அறிவிப்புக்கு வாய்விட்டே சிரித்தார். மதினி திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். அவ்வளவு நாளில் மதினி சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் கார் ஏறும்போது அந்த நாலு நிமிஷம் வந்தது. அவர் கண்ணை மூடினார். என் போனின் திரையில் விநாடி ஓடுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி தாண்டியதும் கண்ணைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முடியும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். மதினி இறங்கி முகம் கழுவப் போனார். டிரைவரும் இறங்கிப் போனார். நாங்கள் இருவரும் காரிலேயே இருந்தோம்.

“அந்த ஜீப்பு எடுக்கச் சொல்றாருல்ல,” என்றார் அண்ணன்.

“ஆமாண்ணே.”

“அப்ப நான் வாசிக்கலலே. நிப்பாட்டிட்டேன். அந்தாளு பேசி முடிக்கட்டும்னு வெரலக் கம்பி மேல வச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன். மூணு தடவ சொன்னாரு. சனமெல்லாம் சிரிச்சுச்சு. அவரு முடிச்சப்புறந்தேன் விட்ட எடத்துல இருந்து எடுத்தேன். கைதட்டுனதே அதுக்குத்தேன்.” நிறுத்தினார். “இதுல வாசிச்சுக்கிட்டே இருக்கு.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. அன்றைக்கு அந்த நேரத்தில் நான் மிக்சரில் குனிந்து அந்த மைக் இரையாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். பேச்சு மூடிவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மூடுவதற்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

“யாரு, நீயா வாசிச்ச?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“எங் காதுதேன்லே போகப்போகுது. புத்தி போகல.” குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது. “நான் வாசிச்சது இருக்கா, இல்லையா?”

“இல்லண்ணே. லைன் போகல. நாந்தேன் பிடுங்குனேன்.”

“எப்ப தெரியும் ஒனக்கு?”

“மறுநாளே.”

வெளியே பஸ் ஸ்டாண்டுச் சத்தம். அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ. இருபது வருஷப் பொய்யைப் பற்றித் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வலது கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். காய்த்த விரல்கள், நடுக்கம் இல்லை.

“வெரலு நல்லாத்தானலே இருக்கு. கடைக்கு வந்த அன்னைக்கே இல்லன்னு சொல்லியிருந்தா, உன் கிட்டார வாங்கிட்டுப் போயி நானே வாசிச்சுக் கேட்டிருப்பேன். எட்டு நாளு இருந்துச்சுல்ல.”

அந்த எட்டு நாளில் ஒரு தடவைகூட இது எனக்குத் தோன்றவில்லை. பழையதை எப்படி உண்டாக்குவது என்று விரல் தேய உட்கார்ந்திருந்தேன். வாசித்த ஆள் இருபது கிலோமீட்டரில், திராட்சைக் கொடிக்கடியில், கையைக் கட்டிக்கொண்டு மயில் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் போனை எதிர்பார்த்து.

திரும்பிப் போய் கிட்டாரை எடுத்து வரட்டுமா என்று உளறினேன். “பதினோரு மணிக்குச் சேரணும்லே,” என்றார். மதினி வந்து கதவைத் திறந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. “கேட்டுட்டீகளா?” என்று ஆசையாகக் கேட்டார். அண்ணன், “ம், கேட்டேன்,” என்றார்.

அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மதுரை முழுக்க ஓடினேன். தெரிந்த வாத்தியக்காரர் ஒருவர் வீட்டில் இல்லை, இன்னொருவர் கச்சேரிக்குப் போயிருந்தார். கடைசியில் ஒரு பேஸ் கிட்டாரும் சின்ன ஆம்ப்ளிபயரும் கிடைத்து, ஆட்டோவில் வந்து இறங்கும்போது மணி ஆறே கால். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. அவரை மொட்டையடித்து, மறுநாள் ஆபரேஷனுக்காக உள்வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். “இதெல்லாம் உள்ள விட மாட்டாக சார்,” என்றார் வாட்ச்மேன். கெஞ்சினேன். என்ன சார் பெரிய விஷயம், ஆபரேஷன் முடிஞ்சப்புறம் வாசிச்சுக் காட்டுங்க என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். எதிரே வந்தவர்கள் என்னை ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவன் என்று நினைத்திருப்பார்கள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்று சொன்னார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. முகத்தில் வலது பக்கம் கொஞ்சம் தொங்கிவிட்டது. காது, சொன்ன மாதிரியே, போய்விட்டது.

மூன்று மாதம் நான் ஓடைப்பட்டிப் பக்கம் போகவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினேன். யாரோ தனியாக, ‘அந்தப் பதிவை இப்போதாவது தரக் கூடாதா?’ என்று கேட்டு எழுதினார். பதில் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இனியும் போகாமல் இருந்தால் மனுஷனே இல்லை என்று என் கிட்டாரையும் ஆம்ப்ளிபயரையும் வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதினி கதவைத் திறந்தார். அண்ணன் நாற்காலியில் இருந்தார். கிட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. கையை நீட்டினார். சுருதி கூட்டிக் கொடுத்து, வயரைச் செருகி, சத்தத்தை வைத்தேன். நாலு கம்பியையும் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

அந்த நாலு நிமிஷம். முதலில் இரண்டு இடத்தில் விரல் தடுமாறியது. அப்புறம் தடுமாறவில்லை. அவ்வளவு நாளும் கடைக்குள் உட்கார்ந்து நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கீழே கீழே இறங்கி, இனி இடமில்லை என்று நான் நினைத்த இடத்தில் இன்னும் ஒரு படி இறங்கினார். சுவரில் காலண்டர் அதிர்ந்தது. மதினி அடுப்பங்கரை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம், அவரைத் தவிர.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். காது போனவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டார்.

“எப்பிடிலே இருந்துச்சு?”

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போன் அங்கேதான் இருந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி இப்போதாவது பதிவு செய்துவிடலாம் என்று போன கை அது. யார் கேட்பதற்கு என்று தெரியவில்லை. போனைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டேன்.